எம்மிட் ஸ்மித் ஓவர்ரேட்டடா?

"லைன் இருந்துச்சு, ஓடினார். அந்த லைனுக்குப் பின்னாடி யாரை விட்டிருந்தாலும் ஓடியிருப்பாங்க."

அமெரிக்கன் ஃபுட்பால் பேச்சு எடுத்தாலே, டாலஸ் அணியின் எம்மிட் ஸ்மித் பற்றி இந்த வாக்கியம் வந்துவிடும். லைன் என்றால் முன்னால் நின்று எதிரணியைத் தள்ளி, ஓடுபவருக்கு வழி திறந்துவிடும் ஆட்கள். போன வாரமும் வந்தது. டெட்ராய்ட் லயன்ஸ் அணி என்றால் உயிரை விடும் நண்பர் ஒருவர், என்எஃப்எல் (அமெரிக்கன் ஃபுட்பால் லீக்) வரலாற்றிலேயே தகுதிக்கு மீறிக் கொண்டாடப்பட்ட ரன்னிங் பேக் (பந்தை வாங்கி ஓடுபவர்) எம்மிட்தான் என்று அடித்துச் சொன்னார். அப்போது நின்று பேச நேரமில்லை. ஆனால் மனசு கேட்கவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நண்பர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எம்மிட் ஓடிய 18,355 யார்டை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. ஆனால் அதற்கு அவர் 4,409 முறை பந்தை வாங்கி ஓட வேண்டியிருந்தது. லயன்ஸின் பேரி சாண்டர்ஸ் 3,062 முறையிலேயே 15,269 யார்டு எடுத்துவிட்டார். சராசரி பார்த்தால் எம்மிட்டுக்கு 4.2, பேரிக்கு 5. எம்மிட்டுக்கு முன்னால் நேட் நியூட்டன், எரிக் வில்லியம்ஸ், பிறகு லாரி ஆலன் என்று மலை மலையாக ஆட்கள் நின்றார்கள். பக்கத்திலேயே பந்தை எறிய ட்ராய் எய்க்மன், பிடிக்க மைக்கேல் எர்வின். பேரிக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. கண்ணுக்கு அழகு என்று பார்த்தால் பேரியின் ஓட்டத்துக்குப் பக்கத்தில்கூட எம்மிட் வரமாட்டார்.

சரி, லைன்தான் எல்லாம் என்றால் 1993 சீசனின் தொடக்கத்தைப் பாருங்கள். டாலஸ் அப்போதுதான் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் ஜெயித்திருந்தது. சம்பளப் பிரச்சினையில் எம்மிட் ஒப்பந்தம் போடாமல் வீட்டில் இருந்தார். எய்க்மனும் எர்வினும் இருந்தார்கள், அந்த லைனும் இருந்தது. எம்மிட் இடத்தில் ஒரு புதுப்பையன். முதல் இரண்டு ஆட்டமும் தோல்வி. எம்மிட் திரும்பி வந்தார், அந்த வருடமும் கோப்பை டாலஸுக்கே. முதல் இரண்டு ஆட்டத்தையும் தோற்ற ஓர் அணி சூப்பர் பௌல் ஜெயித்தது அதுதான் முதல் முறை.

அவரிடம் அப்படி என்ன இருந்தது? நாலு முயற்சிக்குள் பத்து யார்டு போக வேண்டிய ஆட்டம் இது. இரண்டு யார்டுக்குத்தான் வழி இருக்கும் இடத்தில் நாலு யார்டு எடுத்துக் கொடுப்பவர் எம்மிட். உயரம் 5 அடி 9 அங்குலம். முன்னால் இருப்பவர் தள்ளி முடிக்கும்வரை அரை நொடி பொறுப்பார், சந்து திறந்ததும் தாழக் குனிந்து நுழைவார், விழுந்தாலும் முன்பக்கமாகத்தான் விழுவார். இதெல்லாம் இரண்டு நிமிட ஹைலைட்ஸில் வராது. பேரி பெரிய ஓட்டத்துக்காகப் பின்னால் போய்ச் சுற்றி வருவார். வாய்த்தால் அற்புதம்தான். ஆனால் 1994இல் 1,883 யார்டு ஓடிய அதே பேரி, பிளேஆஃபில் (சீசன் முடிவில் வரும் நாக்அவுட் சுற்று) க்ரீன் பே அணியிடம் 13 முறை பந்து வாங்கிக் கடைசியில் மைனஸ் ஒரு யார்டு. பழியை அவர் ஒருவர் மேல் போட மாட்டேன். எம்மிட் பிளேஆஃப்களில் மட்டும் 1,586 யார்டு ஓடியிருக்கிறார், ஓடியே எடுத்த டச் டவுன் (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டுவது) 19. அந்த இரண்டிலும் இன்றுவரை அவர்தான் முதலிடம்.

அப்புறம், கடைசி வருடமான 2004இல் அவர் அரிசோனா அணியில் ஆடினார். வயது 35, டாலஸ் லைன் கிடையாது. அப்படியும் 937 யார்டு, 9 டச் டவுன்.

நான் எம்மிட் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் ஒரே ஓர் ஆட்டம். அதே 1993 சீசனில், 1994 ஜனவரி 2, நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிராக. ஜெயிப்பவருக்கு டிவிஷன் (லீக்கில் அவர்கள் இருந்த பிரிவு) பட்டம், கூடவே பிளேஆஃபுக்கு முன் ஒரு வார ஓய்வு. முதல் பாதி முடியும் நேரத்தில் 46 யார்டு ஓடிய எம்மிட்டை மடக்கிக் கீழே போட்டார்கள். வலது தோள் தரையில் மோதி மூட்டு விலகிவிட்டது. அந்த நிலையில் இரண்டாம் பாதிக்கு வந்து நின்றார். கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, பந்தை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் விழுந்து மெதுவாக எழுந்திருக்கிறார். முகத்தைப் பார்க்க முடியவில்லை. 13-0 என்று முன்னால் இருந்த டாலஸை ஜயன்ட்ஸ் 13-13 என்று பிடித்துவிட்டது. ஓவர்டைமில் 16-13 என்று டாலஸ் ஜெயித்தபோது எம்மிட் கணக்கு: 32 ஓட்டத்தில் 168 யார்டு, 10 கேட்ச்சில் 61 யார்டு. அன்றிரவு மருத்துவமனையில் கழித்தார். நாலு வாரம் கழித்து சூப்பர் பௌலில் 132 யார்டு, இரண்டு டச் டவுன், ஆட்ட நாயகன்.

ஒற்றைத் தோளோடு ஆடிய அந்த இரண்டாம் பாதியை எந்த லைன் ஆடிக் கொடுத்தது என்றுதான் நண்பரிடம் கேட்க வேண்டும். அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது உட்கார வைத்து முழு ஆட்டத்தையும் போட்டுக் காட்டப் போகிறேன்.