சான்றிதழ் வாசல் வரைக்கும்தான்

சட்டப் பட்டமும் ஒரு ஏஐ சான்றிதழும் இருந்தால் அரசில் தனியுரிமை அதிகாரி, அதாவது மக்களின் தரவு முறையாகக் கையாளப்படுகிறதா என்று பார்ப்பவர், ஆகிவிடலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். வேலைக்குச் சேர அது போதலாம், செய்யப் போதாது.

அந்த அதிகாரி அன்றாடம் எழுதுவது தாக்க மதிப்பீடு: ஒரு திட்டம் மக்களின் தனியுரிமையை எப்படிப் பாதிக்கும் என்ற அறிக்கை. அதில் முதல் படி சட்டப்பிரிவு தேடுவதல்ல. தரவு எங்கிருந்து வருகிறது, யார் கைக்குப் போகிறது, எப்போது அழிக்கப்படுகிறது என்று படம் வரைவது. உதவித்தொகைக்காக வாங்கிய தரவைச் சத்தமில்லாமல் மோசடி கண்டறியும் ஏஐ மாடலின் பயிற்சிக்கு எடுத்துவிடுவார்கள். நோக்கம் மாறினால் சட்ட அடிப்படையும் ஆட்டம் காணும். 'சம்மதம் வாங்கிவிட்டோம்' என்பதும் எடுபடாது. பணம் வேண்டுமானால் கையெழுத்துப் போடு என்பது என்ன சம்மதம்?

நெதர்லாந்து வரித்துறை, குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை கேட்டவர்களின் குடியுரிமையை, யார் மோசடி செய்யக்கூடும் என்று கணிக்கும் ஆபத்து மதிப்பீட்டில் சேர்த்தது. 2021இல் அந்த விவகாரத்தில் அமைச்சரவையே ராஜினாமா செய்தது, துறைக்கு 27.5 லட்சம் யூரோ அபராதம். தரவிலிருந்து குடியுரிமையை எடுத்துவிட்டால் தீர்ந்ததா என்றால், இல்லை. முகவரியும் வருமானமும் மறைமுகமாக அதே வேலையைச் செய்யும். அதனால் தவறாகச் சந்தேகிக்கப்பட்டோர் விகிதத்தைப் பிரிவுவாரியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

'மனிதர் மேற்பார்வை உண்டு' என்றால் லாகை, அதாவது கணினியில் பதிவான செயல் வரலாற்றை, கேளுங்கள்: மாடல் சொன்னதை அதிகாரி எத்தனை முறை மாற்றினார்? பூஜ்யம் என்றால் அவர் ரப்பர் ஸ்டாம்ப்.

இதையெல்லாம் டெண்டருக்கு முன்பே செய்ய வேண்டும். தணிக்கை உரிமை ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால், பிறகு எதைக் கேட்டாலும் மாடலை விற்றவர் 'வணிக ரகசியம்' என்று கையை விரிப்பார். படிக்க நினைப்பவர்கள் ஒப்பந்தச் சட்டத்தோடு தரவுத்தளத்தில் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லும் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள்.