அக்காவிடம் கேட்டுவிட்டு பாட் போடுங்கள்

ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி தாண்டினால் எங்கள் அக்கவுண்ட்ஸ் அறையில் பேச்சு குறைந்துவிடும். ஜிஎஸ்டி போர்ட்டலில் 2பி, அதாவது சப்ளையர்கள் நமக்குப் போட்டதாகக் காட்டிய பில்களின் பட்டியல், வந்திருக்கும். 20ஆம் தேதிக்குள் 3பி என்கிற மாத வரிக் கணக்கைப் போட்டாக வேண்டும். இடையில் கிடைக்கிற ஐந்தாறு நாளில், டேலி என்கிற கணக்கு மென்பொருளில் நாங்கள் ஏற்றிய ஒவ்வொரு கொள்முதல் பில்லும் சப்ளையர் காட்டிய பில்லோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். 2022 ஜனவரியிலிருந்து, சப்ளையர் தாக்கல் செய்து 2பி-யில் வந்த பில்லுக்குத்தான், கொள்முதலில் கட்டிய உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ள முடியும். வராவிட்டால் நாம் கட்டிய வரி நம் கைக்குத் திரும்பாமல் நிற்கும்.

எங்களுடையது திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனி. நூல், நிட்டிங், டையிங், பிரின்டிங், எலாஸ்டிக், லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி, லாரி என்று பில் வந்துகொண்டே இருக்கும். இத்தனையையும் எங்கள் அக்கவுண்ட்ஸ் அறையில் நாங்கள் அக்கா என்று கூப்பிடும் ஊழியர் ஒருவர்தான் சரிபார்த்தார். இரண்டு பட்டியலையும் பிரின்ட் எடுத்து, ஸ்கேல் வைத்து, பச்சைப் பேனாவால் வரி வரியாக டிக் அடிப்பார். சப்ளையர் பில்லில் சைபர் போட வேண்டிய இடத்தில் ஓ எழுத்து இருக்கும். எங்கள் ஆபீஸ் பையன் 0457 என்பதை 457 என்று ஏற்றியிருப்பான். ரவுண்ட் ஆஃபில் முப்பது பைசா இடிக்கும். இரவு ஒன்பது மணிக்கு அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவதைப் பார்த்து எத்தனையோ நாள் எனக்கு வயிறு எரிந்திருக்கிறது.

அதனால் இந்த வேலைக்கு பாட், அதாவது கணினியில் நாம் செய்வதைத் தானாகச் செய்யும் மென்பொருள், போடலாம் என்று பேச்சு வந்தபோது முதலில் சரி என்றவன் நான்தான். இன்றும் அதே கட்சிதான். மனிதர் கண்ணையும் முதுகையும் தின்கிற வேலையை மென்பொருள் செய்யட்டும். இது பெரிய ஐடி கம்பெனிகளின் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 2021 மார்ச்சில் மைக்ரோசாப்ட் தன் பவர் ஆட்டோமேட் டெஸ்க்டாப்பை விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்குத் தனிக் கட்டணமில்லாமல் கொடுத்துவிட்டது. நாம் மவுஸாலும் கீபோர்டாலும் செய்வதை வரிசையாகச் சொல்லிக் கொடுத்தால், அது அப்படியே திரும்பச் செய்யும். இந்த ஃபைலைத் திற, இந்த நெடுவரிசையை எடு, அந்தப் பட்டியலில் தேடு, இல்லையென்றால் மெயில் அனுப்பு. அவ்வளவுதான்.

தப்பு எங்கே நடந்தது என்றால், வெளியிலிருந்து வந்த பையன்கள் மேனேஜரிடம் கேட்டு அதை எழுதினார்கள். அக்காவிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை.

இரண்டு மாதம் நன்றாக ஓடியது. மூன்றாவது மாதம், டவுன்லோட் ஃபோல்டரில் கிடந்த போன மாத 2பி-யை பாட் எடுத்துக்கொண்டது. ஃபைலின் பெயரைப் பார்த்ததே தவிர, உள்ளே எந்த மாதம் என்று பார்க்க அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. இந்த மாதப் பில் ஒன்றுகூட போன மாதப் பட்டியலில் இருக்காதே! அது தனக்குச் சொன்னபடி எல்லா சப்ளையருக்கும் மெயில் தட்டிவிட்டது: உங்கள் பில் எங்கள் 2பி-யில் இல்லை, சரிசெய்யும் வரை பேமென்ட் நிறுத்தப்படும். கடைசியில் 'வேலை முடிந்தது' என்று பச்சை நிறத்தில் காட்டியது.

அரை மணி நேரத்தில் டையிங்காரர் போன் போட்டார். "ஏனுங்க, இருபது வருசமா பில் போடறனுங்க, ஒரு மாசம் தவறியிருக்கனுங்களா? பேமென்ட் நிறுத்தறேன்னு மெசினை விட்டுச் சொல்றீங்களே" என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். அன்று முழுக்க அக்கா ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சமாதானம் சொன்னார். அவர் செய்யாத தப்புக்கு அவர் மன்னிப்புக் கேட்டார். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்களுடையது ஒரு நாள் மனவருத்தத்தோடு போயிற்று. ஆஸ்திரேலியாவில் இதே கோளாறு ஒரு அரசாங்கத் திட்டமாகவே நடந்தது. ரோபோடெட் என்று அங்கே பெயர். 2016-லிருந்து, உதவித்தொகை வாங்கியவர்களின் ஆண்டு வருமானத்தை வரித்துறையிடம் வாங்கி, அதை இரண்டு வாரத்துக்கு இவ்வளவு என்று கணினி சமமாகப் பங்கு போட்டது. சில மாதம் வேலை இருந்து சில மாதம் இல்லாதவருக்கு இந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? முன்பு ஒரு அலுவலர் விசாரித்துப் பார்த்த இடத்தில் ஆளே இல்லை. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தலையில் இல்லாத கடன் விழுந்தது. 2019-ல் அது சட்டப்படி செல்லாது என்று ஃபெடரல் நீதிமன்றத்தில் முடிவானது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2023-ல் விசாரணை ஆணையம் அந்தத் திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தக் கடிதங்கள் வந்த வீடுகளில் பட்ட பாடு பட்டதுதானே.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். அப்புறம் அக்காவை உட்கார வைத்து பாட்டை மாற்றி எழுதினோம். அவர் சொன்னது மூன்றே விஷயம். ஃபைலுக்குள் இருக்கிற மாதத்தை முதலில் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்கிற சின்ன ஜாப் ஒர்க்காரர்களைத் தனியாக வைக்க வேண்டும். தான் பார்த்து ஓகே கொடுக்காமல் ஒரு மெயிலும் வெளியே போகக் கூடாது. எந்த சப்ளையர் எப்போது பில் போடுவார், யாருடைய ஆடிட்டர் தாமதம் என்பதெல்லாம் எந்த எக்செலிலும் இல்லை, அவர் தலையில்தான் இருக்கிறது. போர்ட்டல் திரையில் ஒரு பட்டன் இடம் மாறினால் பாட் திகைத்து நின்றுவிடும். 2024 அக்டோபரில் போர்ட்டலில் ஐஎம்எஸ் என்கிற புது வசதி வந்தபோது சப்ளையர் பில்லை ஏற்கவும் நிராகரிக்கவும் புதிதாக ஒரு வேலை சேர்ந்தது. அதை முதலில் படித்துப் பார்த்து எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அக்காதான்.

நான்கு நாள் வேலை இப்போது அரை நாளில் முடிகிறது. மிச்ச நேரத்தில், சப்ளையர்கள் தங்கள் விற்பனை பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 போட வேண்டிய 11ஆம் தேதிக்கு முன்பே அக்கா போன் செய்து நினைவுபடுத்திவிடுகிறார். பில் விடுபடுவது நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் போன வாரம் ஒரு கூட்டத்தில், "இனி அந்த சீட் வேணுமா?" என்று ஒருவர் கேட்டார். வேலையைச் சொல்லிக்கொடுத்தவரை, வேலை சுலபமானதும் எழுந்து போகச் சொல்வது எந்த ஊர் நியாயம்? அப்படிச் செய்தால் அடுத்த பாட் போடும்போது எந்த ஊழியரும் தனக்குத் தெரிந்ததைச் சொல்ல மாட்டார். சொல்லவும் கூடாது.

அடுத்த மாதம் இன்கிரிமென்ட் பட்டியல் போடுகிறார்கள். அக்கா பெயருக்கு நேரே, பாட் மேற்பார்வையாளர் என்று பதவியும் அதற்கான சம்பளமும் எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.