ஆறு ட்ராக் இருக்கு, ஆறிலயும் அதே இருமல்

பாட்காஸ்டுக்கு எடுத்த பேட்டி ஃபைலை நேற்று ராத்திரி திறந்ததில இருந்து எனக்கு இருப்புக்கொள்ளேல்ல. பாட்காஸ்ட் செய்யிற ஆக்கள் எல்லாருக்கும் இது எப்பவாவது நடந்திருக்கும், அதால சுத்தி வளைக்கேல்ல. ஆளுக்கொரு ட்ராக், அதாவது ஒவ்வொருத்தற்ற குரலும் தனித்தனியா விழுற ஒலிப்பதிவு, வேணும் எண்டு கேட்டா ஆளுக்கொரு ட்ராக் தாங்கோ. "எடிட்டிங்கில பாப்பம்" எண்டு சொல்லுற வாயைத் தைக்க வேணும்.

திருகோணமலை திருக்கடலூரில ஒரு ஐயா. 1964 டிசம்பர் புயலைக் கண்ணால கண்டவர். இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் இருந்து சொன்னதில்லை, கனநாள் கெஞ்சித்தான் சம்மதிச்சவர். அவருக்கு ஒரு மைக், எனக்கு ஒரு மைக், கனடாவில இருக்கிற அவற்ற தங்கச்சி லைன்ல. மொத்தம் மூண்டு குரல். லப்டொப்பைப் பாக்க ஒரு தம்பி வந்தவர், உதெல்லாம் தனக்குத் தண்ணி பட்ட பாடு எண்டு. ஓபிஎஸ் எண்ட ரெக்கோர்டிங் சொஃப்ட்வெயாரில எடுக்கிறன் எண்டார். சரி, நல்லதுதான், காசும் இல்ல, ஆறு ட்ராக் வரைக்கும் பிரிச்சு எடுக்கலாம். நான் கேட்டனான், தம்பி, மூண்டும் தனித்தனியா விழுதா? அவர் ஸ்கிரீனைக் காட்டினார், "பாருங்கோ அண்ணே, மூண்டு மீட்டரும் தனித்தனியாத்தானே ஆடுது".

மீட்டர் ஆடும்தான்! அது உள்ள வாற சத்தத்தைக் காட்டுற மீட்டர், ஃபைலில எது எங்க போய் விழுது எண்டு அது சொல்லாது. அதுக்கு அட்வான்ஸ்ட் ஓடியோ ப்ரொப்பர்டீஸ் எண்டு ஒரு இடம் இருக்கு, அங்க ஒவ்வொரு மைக்குக்கும் நேர ஒண்டில இருந்து ஆறு வரைக்கும் சின்னப் பெட்டிகள், எல்லாத்திலயும் முதலே டிக் விழுந்திருக்கும். ஐயாவுக்கு ஒண்டை மட்டும் விட்டு மிச்சத்தை எடுக்க வேணும், எனக்கு ரெண்டு, கனடாவுக்கு மூண்டு. ஒரு நிமிஷ வேலை. அதைச் செய்யாம ஆறு ட்ராக்கையும் ரெக்கோர்ட் பண்ணினா என்ன வரும்? மூண்டு பேரும் கலந்த அதே குழம்பல் ஆறு தரம் வரும். அதுதான் வந்தது.

சத்தத்தை எடிட் பண்ணுற ஓடாசிற்றிக்குள்ள கொண்டு வந்து பாக்கிறன், ஆறு கோடு, ஆறும் அச்சொட்டா ஒரே மலை ஒரே பள்ளம். முதலாவதை சோலோ போட்டா, அதாவது அதை மட்டும் தனியக் கேட்டா, மூண்டு பேர். ரெண்டாவது, மூண்டு பேர். ஆறாவது வரைக்கும் கேட்டன், எனக்கு அப்பவும் நம்பேலாம இருந்தது.

அதுவும் எந்த இடம் தெரியுமா? காத்து ஒருக்கா நிண்டிட்டுதாம். கூரைத் தகரம் போன வீட்டுக்குள்ள எல்லாரும் ஒடுங்கி இருக்க, அவற்ற அம்மா கதவைத் திறந்து கடலைப் பாத்திட்டுத் திரும்பி ஒண்டு சொன்னவவாம். ஐயா அந்த இடத்தில குரலைத் தாழ்த்தி, "அம்மா சொன்னா..." எண்டு தொடங்க, கனடாவில மாமி "ஓமோம், ஓமோம், எனக்கும் ஞாபகம்" எண்டு பெரிய சத்தத்தில, அதோட ஒரு இருமல், அந்த இருமலுக்கு மேல ரோட்டில பாண் விக்கிற ஓட்டோ தன்ர பாட்டைப் போட்டுக்கொண்டு வருது, ஐயா சொல்லி முடிச்சிட்டார், நான் "அடக் கடவுளே" எண்டுறன். அந்த "அடக் கடவுளே" மட்டும் தெளிவாக் கேக்குது. அந்தத் தாய் என்ன சொன்னவ எண்டது கேக்கேல்ல.

தனி ட்ராக் இருந்திருந்தா மாமியின்ர "ஓமோம்" இருமலோட சேத்து மியூட். என்ர மைக்கில ஏறின பாண் ஓட்டோவும் மியூட். ஐயாவின்ர மைக் அவற்ற வாய்க்குக் கிட்ட இருந்தது, மற்றச் சத்தம் கொஞ்சம் புகுந்தாலும் அவர் சொன்னது அதில இருந்திருக்கும்.

தம்பிக்குப் போன் அடிச்சன். "நொய்ஸ் ரிடக்ஷன் போடுங்கோ அண்ணே." டேய், நொய்ஸ் ரிடக்ஷன் ஃபேன் இரைச்சலுக்கு, கரண்ட் இரைச்சலுக்கு, ஒரே சீரா ஓடுற சத்தத்துக்கு! மனுசக் குரலுக்கு மேல ஏறின இன்னொரு மனுசக் குரலை அது எப்பிடிப் பிரிக்கும்? பிறகு ஏஐ பிரிக்குமாம். போட்டுப் பாத்தன், ஐயா தண்ணிக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரி வருது, "அம்மா" எண்ட சொல்லைத் தவிர ஒண்டும் விளங்கேல்ல.

எடுக்க முதல் அரை நிமிஷம் டெஸ்ட் எடுத்து, ஃபைலைத் திறந்து, ஒவ்வொரு ட்ராக்கா சோலோ போட்டுக் கேப்பம் எண்டு நான் சொன்னனான். தேவையில்லையாம். ஐயாவுக்கு ஹெட்செட் குடுங்கோ, இல்லாட்டி கனடாக் குரல் ஸ்பீக்கரால வந்து அவற்ற மைக்குக்குள்ளயும் போகும் எண்டனான். வயசானவர் மாட்டமாட்டாராம், அவரிட்ட ஒரு சொல்லுக் கேக்கவே இல்ல! மாமி அங்க தன்ர போனில வொய்ஸ் ரெக்கோர்டரைப் போட்டு வைக்கட்டும், தொடங்கேக்க ஒரு கைதட்டல், பிறகு அதை வச்சுப் பொருத்துவம், லைன் விழுந்தாலும் அவவின்ர குரல் அவவிட்ட முழுசா இருக்கும் எண்டனான். அது வீண் கரைச்சலாம்.

இண்டைக்குக் காலமை ஐயாவிட்டத் திரும்பப் போனன். மூஞ்சையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டன், அந்த இடத்தை ஒருக்கா மட்டும் சொல்லுங்கோ எண்டு. "அதுதான் சொல்லிப்போட்டனே தம்பி, புயல் வந்தது, போனது" எண்டிட்டுத் தேத்தண்ணி தந்தார். அவரில என்ன பிழை? ஒரு மனுசன் அப்பிடி ஒரு கதையை அந்தக் குரலில எத்தினை தரம் சொல்லுவான்?

அந்தத் தம்பி இப்ப வட்ஸ்அப்பில கேக்கிறார், எப்பிசோட்டில தன்ர பேர் வருமா எண்டு.

ஹெட்செட் எண்டதும்தான் ஞாபகம் வருது, கொழும்பு நைட் பஸ்ஸில போனை ஸ்பீக்கர்ல போட்டு விடிய விடிய நாடகம் பாக்கிற சனங்களே, காதில ஒரு வயரை மாட்டினா உங்களுக்கு என்ன குறைஞ்சு போகும்? ஹபரணையில தொடங்கினது பேலியகொட வரைக்கும் ஒரே ஒப்பாரி, கண்டக்டரும் சேந்து பாக்கிறார்!