முறை இருந்தும் பகை

குடும்பப் பகையால் பிரிந்த காதலர்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரை, சாதியும் பணமும் மட்டுமே தடை என்பதுபோல் முடிகிறது. காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் ஊரில் நடந்தது வேறு. காதலித்த இருவரும் அத்தை மகன், மாமன் மகள். முறை உண்டு, சாதி ஒன்று, இரு வீட்டுக்கும் தோப்பு உண்டு. அண்ணனும் தங்கையும் பாகம் பிரித்தபோது வரப்பில் நின்றுவிட்ட ஒரு பெங்களூரா மாமரம்தான் வினை. கிளை யார் பக்கம், காய் யாருக்கு என்று தொடங்கி, கிணற்று மோட்டார் முறைவரை வந்து, பதினோரு ஆண்டுகள் கோர்ட்டுக்கு அலைந்தார்கள். அந்த மரத்துக் காயை மண்டியில் போட்டால் ஒரு வாய்தாவுக்கு வக்கீல் கட்டணம்கூடத் தேறாது!

வயது வந்த இருவரின் திருமணத்தில் குடும்பமோ ஊரோ தலையிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்னதை நீங்கள் எடுத்துக்காட்டியது நல்லது. ஆனால் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தைப் பரிந்துரைப்பதில் சிக்கல் இருக்கிறது. அதன்படி, திருமணம் செய்யப்போகிறோம் என்ற அறிவிப்பைப் பதிவு அலுவலகத்தில் ஒட்டுவார்கள்; 30 நாள் காத்திருக்க வேண்டும். யார் படிக்கப்போகிறார்கள் என்கிறீர்களா? பகையாளிதான் முதலில் படிப்பான். இந்துக்களுக்கு 1967இல் தமிழ்நாடு கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணச் சட்டத் திருத்தத்தில் அந்தக் காத்திருப்பு கிடையாது. உறவினரோ நண்பர்களோ முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலும் செல்லும். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

எங்கள் ஊர்ப் பெண்ணை ஓசூரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். பையன் மண்டியில் கணக்கு எழுதுகிறான். மரம் போன ஆடிக் காற்றில் சாய்ந்துவிட்டது. விறகு யாருக்கு என்று இப்போது பேச்சு நடக்கிறது.