கொடிநாள் நிதியோடு ஆராய்ச்சிக்கும் கொடுப்போம்

முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவ ஆராய்ச்சிக்கு நன்கொடையாளர்கள் முன்வர வேண்டும் என்ற கட்டுரையின் கருத்தை ஏற்கிறேன். 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7 அன்று படைவீரர் நலனுக்காகக் கொடிநாள் நிதி திரட்டப்படுகிறது. நம் குமரி மாவட்டத்திலும் சட்டையில் குத்திக்கொள்ளும் அந்தச் சிறு கொடியை அறியாதவர் குறைவு. ஆனால் அந்த நிதி பெரும்பாலும் கல்வி, திருமணம் போன்ற நலவுதவிகளுக்கே செல்கிறது. 2003இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டமும் சிகிச்சைக்கானதே. புதிய மருந்தையோ கருவியையோ கண்டறியத் தனியாகப் பணம் வேண்டும்.

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் என் உறவினர் ஒருவர், ராணுவப் பணியில் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தவர். செயற்கைக்கால் சமதளத்தில் நன்றாகவே உதவுகிறது. சரிவில் பால் வெட்டப் போகும்போதுதான் சிக்கல்: எஞ்சிய கால்பகுதியைச் செயற்கைக்காலில் பொருத்தும் உறை வியர்வையில் வழுக்கி, அந்தப் பகுதி உராய்ந்து புண்ணாகிறது. இல்லாத பாதம் இரவில் வலிப்பதாக அவர் சொன்னபோது வீட்டார் முதலில் நம்பவே இல்லை (மருத்துவம் நன்கறிந்த வலிதான் அது). நம் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஏற்ற உறையை உருவாக்கும் முயற்சியில் இங்குள்ள பொறியியல் கல்லூரிகளும் இறங்கலாம்.

வரிச்சலுகைக்காக ஒருமுறை பெருந்தொகை அனுப்பிவிட்டு மறப்பதைவிட, சிறு தொகையானாலும் சில ஆண்டுகள் தொடர்ந்து கொடுப்பதே ஆராய்ச்சிக்கு உதவும் என்பது என் எண்ணம்; பணம் எந்த ஆய்வுக்குப் போகிறது, அது தோல்வியுற்றால் அதையும் வெளியிடுவார்களா என்று கொடுப்பவர் தயங்காமல் கேட்க வேண்டும்.