உவர் நிலத்தில் குட்டை வெட்டுகிறவர்களுக்கு

போன கோடையில் கடலோரக் கிராமம் ஒன்றில் ஒரு பண்ணைக்குட்டையைப் பார்த்தேன். 15 அடி ஆழம். மழை முடிந்த சமயம் கரை தொட்டு நின்றதாம். நான் போனபோது கால்வாசிதான் இருந்தது. குட்டைக்காரர் ஒரு கை அள்ளி வாயில் வைத்தார், எதுவும் சொல்லாமல் துப்பினார். நானும் வைத்துப் பார்த்தேன். கரிப்பு. பக்கத்துப் பாத்தியில் கத்தரி இலைகளின் ஓரம் தீய்ந்து சுருண்டிருந்தது.

மழைத்தண்ணீர் எப்படிக் கரிக்கும்? ஆழத்துக்குத்தான் கூலி என்பதால் பொக்லைன்காரர்கள் தோண்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். அடியில் இருந்த உப்பு ஊற்று திறந்துவிட்டது. குட்டை நிறைந்திருந்த வரை நல்ல தண்ணீரின் பாரம் அதை அமுக்கி வைத்திருந்தது. இறைக்க இறைக்க மட்டம் இறங்கியது, உப்பு மேலே வந்துவிட்டது.

எவ்வளவு ஆழமோ அவ்வளவு லாபம் என்ற கணக்கு கடலோரத்துக்கு ஆகாது. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். இங்கே நல்ல தண்ணீர், கனமான உப்புத்தண்ணீரின் மேல் மிதக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நெதர்லாந்தின் கைபனும், பிறகு 1901-ல் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்ட கணக்கு இது: கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல நீர் நின்றால், மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல நீர் இருக்கும். திருப்பிப் பாருங்கள். போர்வெல்லில் உறிஞ்சி மேல்மட்டத்தை 1 அடி இறக்கினால், உப்பு எல்லை காலப்போக்கில் 40 அடி வரை ஏறிவரும். கிணறு கரிக்கிறது என்று இன்னும் ஆழப்படுத்துவது எவ்வளவு பெரிய தப்பு!

அப்புறம், குட்டையை நிரப்பும் அவசரத்தில் முதல் மழையையே உள்ளே விடுகிறார்கள். கோடையில் வெள்ளையாகப் பூத்துக் கிடந்த உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் கரைந்து வரும். அதை வடிகாலில் வெளியே விட்டுவிட்டு, அடுத்தடுத்த மழையைப் பிடிக்க வேண்டும்.

வயலுக்கும் மழையில் பங்கு வேண்டும். வரப்பை உயர்த்தி, விழுகிற மழையை அங்கேயே நிறுத்தினால் உப்பு கரைந்து வேருக்குக் கீழே இறங்கும். ஓரடி மண்ணுக்குள் ஓரடி நீர் இறங்கினால் அதிலுள்ள உப்பில் ஏறக்குறைய 80 விழுக்காடு போய்விடும் என்பது மண் அறிவியலில் பழைய கணக்கு. ஆனால் கீழே வடிகால் இருக்க வேண்டும். இல்லையென்றால் வெயில் காலத்தில் அதே உப்பு மண்ணின் நுண்துளைகள் வழியே திரும்ப ஏறிவரும். அறுவடை முடிந்ததும் ஒரு லேசான உழவு, மேலே வைக்கோல் மூடாக்கு, இரண்டும் அதைத் தடுக்கும். சோடியம் மிகுந்த களிமண் என்றால் வெறும் மழை போதாது. மண் குழம்பி இறுகிவிடும், தண்ணீர் இறங்காது. முதலில் ஜிப்சம் போட வேண்டும். மண் பரிசோதனை செய்யாமல் இதில் இறங்காதீர்கள்.

சுந்தரவனத் தாழ்நிலங்களில் நிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைக் குட்டையாக்கி, வெட்டிய மண்ணை மிச்ச வயலில் பரப்பி மேடாக்குகிறார்கள். குட்டைக்குத் தண்ணீரும் ஆயிற்று, வேர் உப்புமட்டத்திலிருந்து தள்ளியும் போயிற்று. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான். அகலமான குட்டையில் வெயில் கொஞ்சம் குடித்துவிடும், உண்மைதான். ஆனால் ஆவியாகிப் போனது அடுத்த மழையில் நிரம்பும். அடியில் உப்பு ஊற்று திறந்துவிட்டால் அந்தக் குட்டையை மீட்பது பெரும்பாடு.

ஒரு ஏக்கரில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தாலே 40 ஆயிரம் லிட்டர். ஆகவே பிடிக்கத் தண்ணீர் இல்லை என்பதல்ல பிரச்சினை.

அந்தக் குட்டைக்காரர் அடியில் 6 அடிக்குக் களிமண் கொட்டி மிதித்து இறுக்கிவிட்டார். பக்கவாட்டில் அகலப்படுத்தியும் இருக்கிறார். நடுவில் ஒரு கம்பம் நட்டு, அதில் சிவப்பு பெயின்ட்டில் ஒரு கோடு. தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டதும் மோட்டாரை நிறுத்திவிடுகிறார், பயிர் வாடினாலும்.