தேன் எடுப்பவருக்கு என்ன எண்?

2003-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம். ஒரு மாணவர் தன் முனைவர் பட்ட ஆய்வை அவையில் விளக்கிக்கொண்டிருந்தார். கேட்க வந்திருந்தவர்களில் கார்லெட்டா டிலூசி என்ற ஹவசுப்பாய்ப் பழங்குடிப் பெண்ணும் ஒருவர். எங்கள் மக்களின் ரத்தத்தை இந்த ஆய்வுக்குப் பயன்படுத்த அனுமதி வாங்கினீர்களா என்று அவர் கேட்டார். அந்த ஒரு கேள்வியில் பதிமூன்று ஆண்டுக் கதை அவிழத் தொடங்கியது.

ஹவசுப்பாய் மக்கள் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் வாழ்பவர்கள். அவர்களுடைய சுப்பாய் கிராமத்துக்குச் சாலை கிடையாது. நடக்க வேண்டும், இல்லையென்றால் குதிரை அல்லது ஹெலிகாப்டர். கடிதங்கள் இன்றும் கோவேறு கழுதையின் முதுகில்தான் போகின்றன. சில நூறு பேரே உள்ள அந்தச் சமூகத்தைச் சர்க்கரை நோய் தின்றுகொண்டிருந்தது. 1990-இல் ஆய்வாளர்கள் வந்து ரத்தம் கேட்டபோது, நம் பிள்ளைகளாவது தப்பிக்கட்டும் என்று கையை நீட்டினார்கள்.

வாய்ப்பேச்சில் சொன்னது சர்க்கரை நோய். கையெழுத்து வாங்கிய படிவத்திலோ நடத்தை, உடல்நலக் கோளாறுகளின் காரணங்களை ஆராய்வதாக அகலமாக எழுதியிருந்தது. அந்த அகலத்துக்குள் எல்லாம் நுழைந்தது. அதே ரத்தத்தை வைத்து மனச்சிதைவு நோயை ஆராய்ந்தார்கள். நெருங்கிய உறவுக்குள் மணம் முடிப்பவர்களா என்று பார்த்தார்கள். இவர்களுடைய முன்னோர் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்று எழுதினார்கள். தாங்கள் தோன்றியதே இந்தப் பள்ளத்தாக்கில்தான் என்பது அந்த மக்களின் நம்பிக்கை. அதைக் காக்கும் பொறுப்பும் தங்களுடையது என்று நினைப்பவர்கள். அவர்கள் தந்த ரத்தத்தைக் கொண்டே அவர்களை வந்தேறிகள் ஆக்கிவிட்டார்கள்.

வழக்கு நடந்தது. 2010-இல் 41 பேருக்கு மொத்தம் 7 லட்சம் டாலர் தரப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. வழக்கை எதிர்த்து வாதாட அது செலவழித்த தொகை அதைவிட அதிகம் என்று அப்போதே செய்தி வந்தது. பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. எஞ்சியிருந்த ரத்த மாதிரிகளை வாங்கிப்போக ஊர்க்காரர்கள் உறைபெட்டி இருந்த அறைக்கே வந்தார்கள். கொடுத்தவர்களில் சிலர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். வந்தவர்கள் அங்கேயே நின்று பாடி அழுதார்கள்.

இதைப் படித்த நாளில் எனக்கு ஆத்திரத்தைவிடக் கூச்சம்தான் அதிகம் வந்தது. காரணம் சொல்கிறேன்.

கல்லூரி முடித்த புதிதில், ஒரு வாழ்வாதாரக் கணக்கெடுப்புக்காக மேற்கு மலையடிவாரத்து ஊர் ஒன்றில் பத்து நாட்கள் படிவம் நிரப்பினேன். ஆளுக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு பாட்டியிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன். “காட்டுக்குப் போவேன் கண்ணு. கிழங்கு தோண்டுவேன். தேன் காலத்தில் மகன் மரம் ஏறுவான், நான் கீழே நின்று வாங்குவேன்” என்றார். படிவத்தில் விவசாயிக்கு 1, கூலித் தொழிலாளிக்கு 2, அரசு வேலைக்கு 3, சொந்தத் தொழிலுக்கு 4. தேனுக்கு எண் இல்லை. மேற்பார்வையாளரைக் கேட்டேன். “5 போட்டுவிடுங்கள்” என்றார். 5 என்றால் வேலையில்லாதவர். போட்டேன். அன்று மதியம் அதே பாட்டி வேகவைத்துத் தந்த கிழங்கைத் தின்றுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

அந்தப் படிவத்தை எழுதியவர் கெட்டவர் இல்லை. காட்டுக்குப் போகிற ஒருவரை எழுதும்போது பக்கத்தில் உட்காரவைக்கவில்லை, அவ்வளவுதான். ‘மக்கள் பங்கேற்பு’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். திட்டம் முடிந்து, பணம் ஒதுக்கி, கேள்விகளை அச்சடித்த பிறகு ஊரைக் கூட்டி டீயும் வடையும் கொடுப்பதற்கு இப்போது அதுதான் பெயர்.

வேறு மாதிரி செய்யமுடியுமா? செய்திருக்கிறார்கள். கனடாவில் மான்ட்ரியலுக்கு அருகே ககனவாகே என்ற ஊர், மொஹாக் பழங்குடியினருடையது. 1980-களில் அந்த ஊர் மருத்துவமனையின் மருத்துவர்கள் கணக்கெடுத்தபோது 45 முதல் 64 வயதுக்குள் இருந்தவர்களில் 12 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. முடிவை முதலில் ஊரிடம் சொன்னார்கள். ஊர்ப் பெரியவர்கள் குழந்தைகளிலிருந்து தொடங்குங்கள் என்றார்கள். 1994-இல் பள்ளிகளை மையமாக வைத்து வேலை ஆரம்பமானது. பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இருந்தார்கள். ஆனால் ஊர்க்காரர்களின் ஆலோசனைக் குழு ஒன்று தொடக்கத்திலிருந்தே கூட உட்கார்ந்து முடிவெடுத்தது.

அவர்கள் சேர்ந்து எழுதிக்கொண்ட ஆய்வு நெறிமுறையில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. முடிவுகளுக்குப் பொருள் சொல்வதில் ஊருக்கும் ஆய்வாளருக்கும் கருத்து வேறுபாடு வந்தால், ஒருவர் வாயை மற்றவர் அடைக்கக்கூடாது; இரண்டு விளக்கங்களும் சேர்ந்தே வெளிவரவேண்டும்.

ஆராயப்படுகிறவர்களிடமே அதிகாரத்தைக் கொடுத்தால் தங்களுக்குப் பிடிக்காத முடிவுகளை மறைத்துவிடமாட்டார்களா என்று நண்பர் ஒருவர் கேட்டார். புள்ளியியல் படித்தவர், கேட்கத்தான் செய்வார். ககனவாகேயின் எட்டு ஆண்டுக் கணக்கைப் பார்க்கச் சொன்னேன். தோலடிக் கொழுப்பில் தொடக்கத்தில் கொஞ்சம் பலன் தெரிந்தது. உடல் எடையில் எதிர்பார்த்த மாற்றம் வரவில்லை. அதை அப்படியே மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஊரும் திட்டத்தைக் கைவிடவில்லை. மருந்து நிறுவனங்கள் பணம் கொடுத்து நடத்தும் ஆய்வுகளைப் பற்றி இதே நண்பர் இதே கேள்வியை எத்தனை முறை கேட்டிருப்பார் என்று யோசித்தேன். கேட்கவில்லை; நட்பு முக்கியம்.

இன்னொன்று, நலம் என்றால் என்ன என்பதையே யார் முடிவு செய்வது? ஆஸ்திரேலியாவில் 2018-இல் மாயி குவாயு என்ற நீண்டகால ஆய்வு தொடங்கியது. பெயரே நியம்பா வொங்கைபன் என்ற பழங்குடி மொழியிலிருந்து எடுத்தது. நடத்துவது அந்த இனத்தைச் சேர்ந்த ரே லவெட் என்ற பேராசிரியரின் தலைமையிலான பழங்குடிக் குழு. சொந்த நிலத்தோடு உங்களுக்கு என்ன உறவு, உங்கள் மொழியைப் பேசுகிறீர்களா, இனவெறியை எங்கே சந்தித்தீர்கள் என்றெல்லாம் அதில் கேட்கிறார்கள். நோயையும் வேலையின்மையையும் எண்ணிப் பழகியவர்களுக்கு இவை நலம் பற்றிய கேள்விகளாகவே தோன்றியிருக்காது. தாத்தாவின் நிலத்தில் கால் வைத்துப் பல ஆண்டுகள் ஆன ஒருவருக்கு அதைவிட உடல்நலம் சார்ந்த கேள்வி இருக்கமுடியாது.

தேனுக்கு எண் இல்லாமல் போனது இப்படித்தான். கேள்வி இல்லாத இடத்தில் பதில் எப்படி வரும்?

அந்தக் கணக்கெடுப்பு அறிக்கையாக வந்ததா, வந்தால் யார் படித்தார்கள் என்று எனக்குச் சொன்னவர் இல்லை. அந்த ஊருக்கும் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். எழுதிக்கொண்டு போனதன் ஒரு பிரதியைக்கூட நாங்கள் அங்கே விட்டுவரவில்லை. பாட்டிக்கு நான் போட்ட அந்த 5 ஏதாவது ஒரு கணினியில் இன்னும் இருக்கும்.